முதல் எஜமானைத் தெரிந்துகொள்ளுங்கள்



கனரக வாகன உரிமம் பெற்ற நம் வாலிபர்கள் பலர் வேலைக்குப் புறப்படும் முன் ஜெபிக்கக் கேட்டு வருகிறார்கள். தரங்கம்பாடி, பொறையாறு பகுதிகளில் நிலமற்ற குடும்பங்களுக்கும், கடல் தொழிலை விட்டு வர விரும்புகிறவர்களுக்கும் லாரி ஓட்டுவது கௌரவமான பிழைப்பு. "நல்ல கம்பெனி கிடைக்க ஜெபியுங்கள், ஐயா" என்கிறார்கள். நல்ல கம்பெனி என்றால் எது என்று திருப்பிக் கேட்டால், அதிகச் சம்பளம், நல்ல படி, புது வண்டி என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. இந்த அளவுகோல் போதாது என்பது என் உறுதியான எண்ணம். முதல் வேலை கொடுப்பவர் உங்களுக்குக் கூலி மட்டும் கொடுப்பதில்லை, பழக்கத்தையும் கொடுக்கிறார். அந்தப் பழக்கத்தோடுதான் முப்பது ஆண்டுகள் ஓட்டப் போகிறீர்கள்.

வேதத்தில் முதல் வேலை தேடிச் சென்ற இருவரை நினைத்துப் பாருங்கள். மோவாபிலிருந்து வந்த ரூத், வாற்கோதுமை அறுவடைக் காலத்தில் அந்நிய ஊரில் கதிர் பொறுக்கப் போனாள். போவாஸ் அவளை வேறு வயலுக்குப் போகவேண்டாம் என்றார். தம் வேலைக்காரர் அவளைத் தொடாதபடி கட்டளையிட்டார். தாகமெடுத்தால் குடிக்கத் தண்ணீருக்கு வழி செய்தார். சாப்பாட்டு வேளையில் தம் ஆட்களோடு உட்கார வைத்தார். பாதுகாப்பு, தண்ணீர், உணவு எல்லாம் முந்தி வந்தன. தானியத்தின் அளவு பிந்தி வந்தது. மற்றவன் யாக்கோபு. சொந்தத் தாய்மாமன் என்று நம்பி லாபானிடம் சேர்ந்தான். பேசிய கூலி பலமுறை மாறியது. ஆண்டுகள் இருபது கழிந்தன. சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர், ஏன், ஒரே சபைக்காரர் என்பதும் நல்ல எஜமானுக்குச் சான்றாகிவிடாது.

ஆகவே சேருவதற்கு முன் சிலவற்றை விசாரியுங்கள். அலுவலகத்தில் கேட்பதோடு நின்றுவிடாமல், அந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் டீக்கடையில் கேளுங்கள்.

முதலாவது, யாரோடு அனுப்புவார்கள்? போக்குவரத்து வாகனம் ஓட்ட இருபது வயது நிரம்பவேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் உரிமம் கையில் வந்ததும் ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை. நம் ஊரில் அந்நாளில் கிளீனராகச் சேர்ந்து, மூத்த ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து, டயரும் தார்ப்பாயும் கயிறும் பழகி, பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டார்கள். இன்று பல வண்டிகளில் கிளீனரே இல்லை. முதல் நாளே தனியாக அனுப்புகிறார்கள். 1706ஆம் ஆண்டு நம் கடற்கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், படித்த இறையியலாளராயிருந்தும், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழெழுத்துப் பழகினார். கற்றுக்கொள்ளும் இடத்தில் உட்காருவது இழிவல்ல. சில மாதங்கள் அனுபவசாலியோடு இரட்டை ஓட்டுநராக அனுப்பும் நிறுவனம், சம்பளம் குறைவாயிருந்தாலும் மேலானது.

இரண்டாவது, தூக்கம் வந்தால் என்ன செய்வது? இதுவே பெரிய கேள்வி. 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வும், வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் விதித்தது. நெடுந்தூரச் சாலைகளில் இது எவ்வளவு கைக்கொள்ளப்படுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். "வழியில் நிறுத்தித் தூங்கினேன்" என்று ஓட்டுநர் போனில் சொன்னால், முதலாளியின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எது? "சரி, தூங்கி எழுந்து வா" என்பவரிடம் போங்கள். "லோடு எப்போது இறங்கும்?" என்று மட்டும் கேட்பவரை விட்டு விலகுங்கள். உறங்காதிருப்பது தேவனுக்கே உரிய இயல்பு. மனிதனுக்கு உறக்கம் அவர் தந்த ஈவு. அந்த ஈவை மறுக்கும் எஜமான், உங்களை மட்டுமல்ல, எதிரே சைக்கிளில் வருபவனையும் பணயம் வைக்கிறான்.

மூன்றாவது, எவ்வளவு ஏற்றுகிறார்கள்? அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருபதாயிரம் ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம் ரூபாயும் அபராதம். அதை யார் கட்டுவது என்று கேளுங்கள். ஓட்டுநரின் படியிலிருந்து பிடிப்பவர்களும் உண்டு. காலி வண்டி நிற்கும் தூரத்தில் பாரவண்டி நிற்பதில்லை. அறுவடை நாட்களில் நம் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் உலர்கிறது. வாய்க்கால் ஓரத்து வளைவுகளும் குறுகிய பாலங்களும் எத்தனை! மிகையான பாரம் அங்கே மன்னிப்பதில்லை.

நான்காவது, காகிதங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் ஆகியவை நடப்பில் உள்ளனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அசல் உரிமத்தை எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். பெரிய முன்பணம் நீட்டப்பட்டால் எச்சரிக்கையாயிருங்கள். கடனைக் காட்டி ஒருவனை வேலையில் கட்டிவைப்பதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய தொகை கழுத்தில் கயிறாவதை நம் குடும்பங்கள் அறியும். சம்பளம், படி, பிடித்தங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

எங்கே தொடங்கலாம்? கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல்மூட்டை ஏற்றும் வண்டியோ, பக்கத்துக் காரைக்கால் துறைமுகத்துச் சரக்கை அருகிலுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோகும் வண்டியோ கிடைத்தால் அதை அற்பமாய் எண்ணாதீர்கள். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் வடமாநிலம் போவது பின்னால் இருக்கட்டும். குறைந்த தூரத்தில் கற்ற நிதானம் நெடுந்தூரத்தில் உங்களைக் காக்கும்.

"இத்தனை கேள்வி கேட்டால் யார் ஐயா வேலை கொடுப்பார்கள்?" என்கிறீர்கள். வீட்டில் அரிசி இல்லாதபோது தெரிந்தெடுக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் கேட்க முடியாவிட்டால், தூக்கத்தைப் பற்றிய அந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள். கேட்காமல் ஏறிவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது விசுவாசமல்ல. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, நம் ஆண்டவர் அதை மறுத்துவிட்டாரே.

லாரி வைத்திருக்கும் விசுவாசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புது வண்டி வாங்கினால் சாவியைக் கொண்டுவந்து ஜெபிக்கச் சொல்லுகிறீர்கள், மகிழ்ச்சியோடே ஜெபிக்கிறோம். இனி அந்த வண்டியின் ஓட்டுநரையும் அழைத்து வாருங்கள். நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று அவனை உங்கள் முன்னிலையில் கேட்கப் போகிறேன். வாலிபர்கள் நல்ல எஜமானைத் தேட வேண்டுமானால், தேடும் இடத்தில் போவாஸ்கள் இருக்கவேண்டும் அல்லவா?

பெற்றோரே, பிள்ளை முதல் நடைக்குப் புறப்படுகையில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கும் முன், எங்கே படுத்துறங்குவாய் என்று கேளுங்கள்.

பரலோகப் பிதாவே, சாலைகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். தேட அவர்களுக்கு ஞானத்தையும், மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கத் தைரியத்தையும் தாரும். வேலை கொடுப்பவர்களின் இருதயத்தில் இரக்கத்தை வையும். இயேசுவின் மூலம் கேட்கிறோம், ஆமென்.