பிளேடு முனையில் ஒரு வழக்கு

காலையில் நாம் சவரம் செய்யும் பிளேடு முகத்தை இழுக்காமல் வழுக்கிச் செல்வதற்கு எஃகு மட்டும் காரணமன்று. அதன் கூர்முனையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று இருக்கிறது. அந்தப் பூச்சுக்காகப் பெரிய கம்பெனிகள் வழக்காடியிருக்கின்றன.

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்கின்சன் கம்பெனி பூச்சிட்ட ஸ்டெயின்லெஸ் பிளேடுகளை விற்றுப் பெயர் வாங்கியது. ஆனால் பூச்சுக்கான பேட்டண்ட் அமெரிக்காவின் ஜில்லெட் கையில் இருந்தது. வில்கின்சன் ராயல்டி கட்ட வேண்டியதாயிற்று.

காலம் மாறியது. பிளாஸ்மா முறையில் மெல்லிய பூச்சு படியவைக்கும் பேட்டண்டுகளை வைத்திருந்த ஸோண்ட் என்ற கம்பெனி, 2013-இல் அமெரிக்காவில் ஜில்லெட் மீதே வழக்குத் தொடுத்தது. அப்போது ஜில்லெட் என்ன சொல்லிற்று? 'இது தொழில் தெரிந்த எவனுக்கும் தோன்றக்கூடியதுதான். இதற்குப் பேட்டண்ட் கூடாது' என்றது. முன்பே வெளியான ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்த பேட்டண்ட் விசாரணைக் குழு, 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது.

ராயல்டி வாங்கியவரே எதிர்வாதம் செய்வதைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் அந்த வாதம் நமக்கும் வேண்டியது. மிர்சாப்பூர் பாத்திரத் தொழில் வழக்கில் 1978-இல் நம் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: பட்டறையில் செய்யும் சாதாரணச் சீர்திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது. லேத் மெஷினில் நிற்கும் தொழிலாளியின் அன்றாட மூளைக்கு எவரும் வேலி போடக்கூடாது என்பதே இதன் பொருள்.

மறுபக்கமும் உண்டு. விடை தெரிந்த பின் எந்த விடுகதையும் எளிதுதான். சூட்டில் பூச்சை ஒட்டவைக்க வேண்டும். அதே சூட்டில் முனையின் கடினம் போய்விடவும் கூடாது. முதலில் இதைச் சாதித்தவன் பட்ட பாட்டை இன்று அலட்சியம் செய்வது நியாயமன்று. ஆகவே, விண்ணப்பித்த நாளில் தொழில் தெரிந்தவனுக்கு அது தோன்றியிருக்குமா என்பதே கேள்வியாக இருக்க வேண்டும்.

பேட்டண்ட் வழங்குமுன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. முன்பு இதற்குக் கட்டணமில்லை. 2024 விதிகள் கட்டணம் விதித்துவிட்டன. பெரிய கம்பெனிக்கு அது தூசு. சிறு பட்டறைக்காரருக்கும் தொழிற்சங்கத்துக்கும் அப்படியல்ல. அவர்களுக்காவது இக்கட்டணத்தைச் சர்க்கார் நீக்க வேண்டும். பேட்டண்ட் கேட்கப்படும் பொருள் புதிதா பழையதா என்பதை முதலில் அறிபவர் அதைக் கையால் செய்பவரே. அவர் வாய் திறக்கக் காசு கேட்கலாகாது.