பத்து ஜோடிப் புறாவும் எட்டுக்கு ஆறு கூண்டும்

புறா வளர்க்க ஆசைப்படறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது, "இந்தக் கூண்டுல எத்தனை ஜோடி விடலாம்?". கேள்வியே தப்புங்கறது என் கட்சி. 2015-ல 'மாரி' படம் வந்தப்புறம் வடசென்னை மொட்டைமாடிப் பந்தயப் புறா ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. ஆசைப்படறவங்க கூடிட்டாங்க, மாடி மட்டும் அதே சைஸ்தான் :-)

பொதுவா புழங்கற கணக்கு ஒரு புறாவுக்கு 2 சதுர அடி தரை. எட்டுக்கு ஆறு கூண்டுன்னா 48 சதுர அடி, 24 புறா. "அப்போ 10 ஜோடி தாராளமா விடலாம், 4 புறாவுக்கு இடம் மிச்சமே இருக்கு"ம்பாங்க. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைக் கேட்டா பத்திக்கிட்டு வரும். இது ஆரம்ப இருப்பை வெச்சு குடோன் வாடகைக்கு எடுக்கற மாதிரி. இறுதி இருப்பை எவன் பாக்கறது?

கணக்கு போட்டுப் பாருங்க. ஜோடி சேர்ந்து பத்து நாள் வாக்குல பெட்டை ரெண்டு முட்டை விடும். அடை 17, 18 நாள். ஆக ஒரு மாசத்துக்குள்ள 20 குஞ்சு. அந்தக் குஞ்சுங்க தானா தீனி பொறுக்க நாலு வாரத்துக்கு மேல ஆகும். ஆனா அம்மாக்காரி அதுவரை காத்திருக்க மாட்டா. குஞ்சுக்கு ரெண்டு, மூணு வாரம் ஆகும்போதே அடுத்த முட்டை வந்துடும். எல்லாம் உயிரோட தப்பிச்சா மூணாவது மாசம் முடியறதுக்குள்ள 60 உருப்படி. 48-ஐ 60-ஆல வகுத்தா தலைக்கு 0.8 சதுர அடி.

"குஞ்சு பெட்டிக்குள்ளதானே கிடக்கு, அதுக்கு எதுக்கு தரைக் கணக்கு?"ன்னு ஒரு வாதம் வரும். நாலு வாரக் குஞ்சு எடையில கிட்டத்தட்ட பெரிய புறா. திங்கறது, எச்சம் போடறது எதுலயும் குறைச்சல் இல்லை. அடுத்த வாரமே கீழ இறங்கி நிக்கும். அங்கதான் ஆபத்தே. புறாவை சமாதானச் சின்னம்னு சொன்னவர் அடைக்கூண்டுக்குள்ள எட்டிப்பாத்திருக்க மாட்டார்னு நினைக்கிறேன். நெருக்கடியில வழி தவறி பக்கத்துப் பெட்டிக்குள்ள நுழையற குஞ்சை அந்த வீட்டுக்கார ஜோடி மண்டைத்தோல் கிழியற அளவுக்குக் கொத்தும். நிறைய குஞ்சு சாகறது இப்படித்தான். பழியை மட்டும் பூனை மேலயோ, 'ஏதோ சீக்கு' மேலயோ போட்டுடுவாங்க.

சீக்கும் சும்மா இல்லை. ஒரே தண்ணி டப்பாவுல நிறைய புறா வாய் வெச்சா தொண்டைக்குள்ள மஞ்சளாக் கட்டி வர்ற கேன்கர் பரவும். எச்சம் ஈரமாவே கிடந்தா காக்சிடியோசிஸ். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில தரை காயாது, கூட்டமும் அதிகம்னா கேக்கவே வேண்டாம். இன்னொன்னு, புறாத் தூசி. இறகுலயும் எச்சத்துலயும் இருக்கற புரதம் வருஷக்கணக்கா மூச்சுல போனா சிலருக்கு நுரையீரல் கெடும். மருத்துவத்துல இதுக்குப் புறா வளர்ப்பவர் நுரையீரல்னே பேர். மாடியில துணி காயப்போடற அம்மாவுக்கும் அதே காத்துதான்.

"பகல் பூரா பறக்க விட்டுடறோம், ராத்திரி தூங்கத்தானே இடம்?" இது பறக்கிற புறாவுக்கு ஓரளவு சரி. அடைக்கு விடற ஹோமருக்குப் பொருந்தாது. நல்ல ஜாதி ஜோடியைப் பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான் காசு குடுத்து வாங்கறோம். திறந்து விட்டா பழைய வீட்டுக்கே போயிடும் (அதுக்குத்தானே அதுக்கு விலையே!). அதனால அது ஆயுசு பூரா கைதி. வெளிய போற புறாவை விட கைதிக்குத்தான் இடம் அதிகம் வேணும், நாம குடுக்கறதோ குறைச்சல்.

அதனால கணக்கைத் தலைகீழாப் போடணும். கூண்டோட கொள்ளளவு 24. ஒரு ஜோடின்னா பெருசு 2, முதல் ஈட்டுக் குஞ்சு 2, பெட்டியில இருக்கற ரெண்டாம் ஈடு 2, மொத்தம் 6. இருபத்துநாலை ஆறால வகுத்தா 4 ஜோடி. அவ்வளவுதான். அதுவும் மூணாவது ஈடு பொரிக்கறதுக்குள்ள முதல் ஈட்டை வித்தோ, குடுத்தோ, வேற கூண்டுக்கு மாத்தியோ ஆகணும்.

ஜோடிக்கு ஒரு பெட்டி போதாது, ரெண்டு மண்சட்டி வைக்கிற இடம் வேணும். பழைய குஞ்சு ஒண்ணுல, புது முட்டை இன்னொண்ணுல. ரெண்டடி அகலம், ஒண்ணேகால் ஒண்ணரை அடி உயரம், ஆழமும் அதே அளவு இருந்தா ஒரே பெட்டிக்குள்ளயே ரெண்டு சட்டியும் அடங்கும். ஜோடி எண்ணிக்கையை விட ஒண்ணு ரெண்டு பெட்டி கூடுதலா வைங்க, சண்டை குறையும். ஜோடியில்லாத ஒத்தை ஆண் மட்டும் உள்ள வேண்டவே வேண்டாம். ஊரார் கூட்டுல எல்லாம் புகுந்து முட்டையை உடைச்சுட்டுத்தான் ஓயும். கூரை ஆள் நிமிர்ந்து நிக்கிற உயரம் போதும். ரொம்ப உயர்த்திட்டா புறாவைப் பிடிக்க ஏணி தேடணும்.

4 ஜோடின்னு சொன்னா புறா விக்கறவர் சிரிப்பார். அவருக்கு ஜோடி வித்தா லாபம், செத்த குஞ்சு அவர் கணக்குல வராது. குஞ்சை வாங்கிக்க ஆள் இல்லாதவங்க பிளாஸ்டிக் முட்டை ஒரு எட்டு வாங்கி வெச்சுக்குங்க. நிஜ முட்டையை வெறுமனே எடுத்துட்டா கொஞ்ச நாள்லயே மறுபடி விட்டு பெட்டை தளர்ந்துடும். பிளாஸ்டிக்கை மாத்தி வெச்சா அடைக்காலம் முழுக்க அது மேலயே உக்காந்திருக்கும்.