பிறர் கடிதங்கள்

முதல் உலகப் போரைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கிறது. 1914 நவம்பரில் உஸ்மானியப் பேரரசு போரில் இறங்கியது. இஸ்தான்பூலில் ஷைகுல் இஸ்லாம் ஜிஹாதுக்கு அழைப்பு விடுத்தார். ஆனால் இந்திய முஸ்லிம்கள் ஆங்கிலேயனுக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள், கிலாஃபத் வீழ்ந்தது. இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் ‘துரோகிகள்’ என்ற சொல் வந்து விழுந்துவிடும். கொஞ்சம் மனமிரங்கினால் ‘கூலிப்படையினர்’. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே பேசியவன்தான். அந்தச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்த பிறகு, அச்சொல் அவ்வளவு எளிதில் என் நாவில் வருவதில்லை.

அக்கடிதங்கள் நமக்குக் கிடைத்த விதமே ஒரு தனிக் கதை. 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சின் மார்சேல் துறைமுகத்தில் இறங்கின. சில மாதங்களுக்குள் இந்தியச் சிப்பாய்களின் தபால்களைப் பிரித்துப் படிப்பதற்கென்றே பிரிட்டிஷ் அரசு ஒரு தணிக்கை அலுவலகத்தை அமைத்தது. அங்கே கடிதங்கள் படிக்கப்பட்டு, முக்கியமெனத் தோன்றிய பகுதிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, அவ்வப்போது மேலிடத்துக்கு அறிக்கையாகச் சென்றன. மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை ஊர் போய்ச் சேர்ந்து, காலப்போக்கில் மறைந்துபோயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியிருப்பவை தணிக்கை அதிகாரி எடுத்துவைத்த துண்டுகளே. அவற்றில் சில நூறு கடிதங்களை டேவிட் ஒமிஸ்ஸி என்ற வரலாற்றாசிரியர் 1999இல் நூலாகத் தொகுத்தார். தாய்க்கும் மனைவிக்கும் எழுதியவற்றை உளவு பார்த்தவனின் கையெழுத்து வழியாகத்தான் நாம் படிக்கிறோம்.

அச்சிப்பாய்களுள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்த தோழனிடம் சொல்லி எழுதுவித்தார்கள். ஊரில் கடிதம் வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மனைவியிடம் சொல்ல விரும்பிய ஒன்றை எத்தனை பேர் முன்னிலையில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! தணிக்கை நடப்பதும் அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆகவே பரிபாஷையில் எழுதினார்கள். ‘கறுப்பு மிளகு’ என்றால் இந்தியச் சிப்பாய், ‘சிவப்பு மிளகு’ என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதினால், நம்மவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இனி யாரும் படையில் சேர வேண்டாம் என்று பொருள். தணிக்கை அதிகாரிக்கும் அது புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அது இன்று நம் கைக்கு வந்திருக்கிறது.

அக்கடிதங்களுக்குள் நுழைந்து பார்த்தால் துரோகியும் தென்படவில்லை, தியாகியும் தென்படவில்லை. போர்க்களத்தைக் கியாமத் நாளோடு ஒப்பிட்டு நடுங்குபவர் இருக்கிறார். அடமானத்தில் இருக்கும் நிலத்தைப் பற்றியும் தங்கையின் நிக்காஹ் பற்றியும் விசாரிப்பவர் இருக்கிறார். உண்ட உப்புக்கு உண்மையாக இருப்பதே மார்க்கம் என்று உறுதியாக நம்புபவரும், சுல்தானுக்கு எதிரான போரில் நிற்கிறோமே என்று உள்ளுக்குள் குமைபவரும் ஒரே படைப்பிரிவில் இருக்கிறார்கள். சில சமயம் இரண்டும் ஒரே மனிதர். 1915ஆம் ஆண்டு ரமழான் ஜூலை நடுவில் பிறந்தது. பிரான்சின் வட பகுதியில் அந்தக் கோடைப் பகல் 16 மணி நேரம் நீளும். பதுங்குகுழிக்குள் ஸஹர் நேரத்தைக் கணக்கிட வேண்டிய நிலையில் இருந்தவனை, நூறாண்டு கழித்துக் குளிர்சாதன அறையில் அமர்ந்து நாம் எடைபோடுகிறோம்.

மறுத்து நின்றவர்களும் உண்டு. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது 40க்கும் மேற்பட்டோர் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வூரில் காப்பிக்கடை வைத்திருந்த குஜராத்தி முஸ்லிம் ஒருவர் இரங்கூனிலிருந்த தம் மகனுக்கு அனுப்பிய கடிதத்தில், அங்கிருந்த துருக்கியத் தூதருக்கான வேண்டுகோள் ஒன்றையும் இணைத்திருந்தார். கடிதம் பிடிபட்டது. அதற்காக அவர் தூக்கிலிடப்பட்டார். 1916இல் பஸ்ராவில், புனிதத் தலங்கள் இருக்கும் மண்ணில் துருக்கியருக்கு எதிராக அணிவகுக்க மாட்டோம் என்று ஒரு குதிரைப்படையின் முஸ்லிம் வீரர்கள் மறுத்தனர். 400க்கும் மேற்பட்டோர் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். மறுத்தால் என்ன நேரும் என்பதை அறிந்தே மற்றவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சரி, மறுபக்கத்தில் கலீஃபாவின் கொடியின் கீழ் நின்றவர்கள் என்ன எழுதினார்கள்? ஜெருசலத்தின் பழைய நகரில் வாழ்ந்த இஹ்ஸான் துர்ஜுமான் என்ற இளைஞர் உஸ்மானிய இராணுவத்தில் சாதாரணச் சிப்பாய். 1893இல் பிறந்தவர். 1915 மார்ச் முதல் இவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. நெடுங்காலம் வேறொருவர் பெயரில் ஜெருசல நூலகமொன்றில் கிடந்த அதைப் பின்னர் சலீம் தமாரி பதிப்பித்தார். அந்த ஆண்டில்தான் பாலஸ்தீனத்தின் மீது வெட்டுக்கிளிகள் இறங்கின. ஆண்கள் ஒவ்வொருவரும் 20 கிலோ வெட்டுக்கிளி முட்டை சேகரித்துத் தர வேண்டும், இல்லையேல் அபராதம் என்று அரசு ஆணையிட்டது. ரொட்டி இல்லை, புகையிலை இல்லை. தளபதிகளின் வீட்டில் மட்டும் விருந்து நடக்கிறது. தாம் சூயஸ் போர்முனைக்கு அனுப்பப்பட்டுவிடக் கூடாதே என்பதும், மனத்துக்குப் பிடித்த பெண்ணை மணக்க முடியுமா என்பதும் அவருடைய கவலைகள். அரசின் மீது அவருக்கு மரியாதை கொஞ்சமும் மிஞ்சவில்லை. ஆங்கிலேயர் நகருக்குள் நுழைந்த 1917ஆம் ஆண்டிலேயே, அவர்கள் வருவதற்கு முன், உஸ்மானிய அதிகாரி ஒருவரின் துப்பாக்கிக்கு அவர் பலியானார்.

பஞ்சாபியின் கடிதத்தையும் இந்தப் பாலஸ்தீனரின் நாட்குறிப்பையும் அருகருகே வைத்தால், எந்தக் கொடியின் கீழ் யார் நின்றார் என்பது ஓரிரு பக்கங்களுக்குள் மறந்துபோகிறது. அரசுகளுக்கோ அது மறக்கவேயில்லை. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் முஸ்லிம் போர்க்கைதிகளுக்காக ஜெர்மனி 1915இல் மரப்பள்ளிவாசல் ஒன்று கட்டியது. இங்கிலாந்தின் வோக்கிங் அருகே முஸ்லிம் வீரர்களுக்கெனத் தனி மையவாடி எழுந்தது. இரண்டிலும் பக்தியைவிடப் பிரச்சாரமே அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் அங்கே தொழுதவர்களின் தொழுகையையும் அடக்கப்பட்டவர்களின் மையித்தையும் நான் பிரச்சாரம் என்று சொல்ல மாட்டேன்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. தணிக்கை அதிகாரியின் செயலை அவ்வசனத்தைக் கொண்டு கண்டிப்பது எளிது. ஆனால் அதே வசனம் தொடங்குவது தீய எண்ணத்தைத் தடுத்துக்கொண்டுதான். அவன் துருவினான், நாம் படிக்காமலேயே தீர்ப்பளித்தோம். இரண்டில் எது பெரிய பிழை என்பதை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த நம் பாட்டனார்கள் எழுதிய கடிதங்கள், பல வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. 1942இல் ஜப்பானியர் அந்நாடுகளைப் பிடித்தபோது தபால் தடைபட்டது. கணவர் உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்கள் நம் கடலோர ஊர்களில் இருந்தார்கள். அக்கடிதங்களுள் சில அரபுத்தமிழில் உள்ளன. அவ்வெழுத்தைத் தடையின்றிப் படிப்பவர்கள் இப்போது முதியவர்கள் மட்டுமே. வீடு இடிக்கும்போது அவற்றைக் குர்ஆன் எழுத்தென்று எண்ணிக் கிணற்றில் போட்டுவிடுகிறோம், அல்லது எரித்துவிடுகிறோம். அதற்கு முன் பெரியம்மாவையோ நன்னாவையோ அருகில் உட்காரவைத்து ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் போடுவதற்கு முன் மட்டும், எழுதியவரின் வாரிசுகள் எல்லோரிடமும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.