சொகுசுக் காருக்கு டீசலா, பெட்ரோலா?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் வளாகத்தின் வாயிலில் சற்று நேரம் நின்றால் போதும். டீசலில் ஓடும் பெரிய எஸ்யூவி கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைக் காணலாம். தில்லியின் காற்று மாசு குறித்து அவையில் கவலை தெரிவிக்கும் உறுப்பினர்களும் இவற்றிலிருந்துதான் இறங்குகிறார்கள்.

டீசல் எஞ்சினை இவர்கள் விரும்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டொயோட்டா ஃபார்ச்சூனரை எடுத்துக்கொள்வோம். அதன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரில், 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை தருகிறது. 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவதோ 245 மட்டுமே. தொகுதியின் மேடுபள்ளங்களிலும் இமாசலப் பிரதேச மலைப்பாதைகளிலும் இந்த வேறுபாடு நன்கு தெரியும்.

ஆனால், டீசல் கார்களின் செல்வாக்கு எஞ்சினின் வலிமையால் மட்டும் வந்ததன்று. 2010 ஜூன் மாதம் பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாட்டை நீக்கிய மத்திய அரசு, டீசல் விலையை மட்டும் தன் பிடியிலேயே வைத்திருந்தது. 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ. 73.18; டீசல் ரூ. 40.91. உழவரின் டிராக்டருக்கும் சரக்கு லாரிக்கும் என்று சொல்லி வழங்கப்பட்ட மானியம், செல்வந்தர்களின் கார்களிலும் நிரப்பப்பட்டது. டீசல் கார்களுக்கு ரூ. 80,000 கூடுதல் உற்பத்தி வரி விதிக்கலாம் என்று கிரித் பாரிக் குழு 2010-இல் பரிந்துரைத்தும், அது ஏற்கப்படவில்லை. 2014 அக்டோபரில்தான் டீசல் விலைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது.

அதன்பின் கணக்கு மாறிவிட்டது. 2020 ஜூன் 24 அன்று தில்லியில் டீசல் விலை பெட்ரோலையே முந்தியது. 2024 மார்ச் மாத விலைக் குறைப்புக்குப் பின் பெட்ரோல் ரூ. 94.72, டீசல் ரூ. 87.62 என இடைவெளி ஏழு ரூபாயாகச் சுருங்கியிருந்தது. இந்த விலையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீசல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் பெட்ரோல் கார் 9 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், டீசல் கார் 3 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுபவர் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் அந்தத் தொகையை மீட்டுவிடுவார். நகருக்குள் 10,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடுபவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தில்லியில் டீசல் வாகனங்களுக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்த ஆயுள் வரம்போ பத்தே ஆண்டுகள்!

குறுகிய தூரம் மட்டுமே ஓடும் டீசல் காருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து நீங்கும். நெரிசலில் ஊர்ந்து கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும்.

வாங்குபவர் தன் கணக்கைப் போட்டுவிடலாம். அரசின் கணக்குதான் புரியவில்லை. 2015 டிசம்பரில் 2,000 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைத் தலைநகர்ப் பகுதியில் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த மாதமே மஹிந்திரா நிறுவனம் 1.99 லிட்டர் எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2016 ஆகஸ்டில், காரின் விலையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழல் தீர்வையாகச் செலுத்தச் சொல்லித் தடை விலக்கப்பட்டது. பழைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கி, மக்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில், பெரிய எஸ்யூவிகளுக்கு எரிபொருள் எதுவானாலும் 40 சதவீதம் என ஒரே வரி.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே அறிவித்தது. அதன்பின் தொழில்நுட்பம் மேம்பட்டிருப்பதும் உண்மையே. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிகள், டீசலில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தன. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பையும் வெகுவாக இறுக்கின. எனவே, பழைய டீசல் காரையும் புதிய டீசல் காரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று. அதேவேளையில், இரண்டுக்கும் ஒரே மாதிரியான புகைச் சான்றிதழ் சோதனை நடத்துவதும் போதாது. அச்சோதனையில் டீசல் புகையின் அடர்த்தி பார்க்கப்படுகிறதே தவிர, நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை.

காரின் வயதையும் எஞ்சினின் சிசி அளவையும் வைத்துத் தீர்ப்பு சொல்வது எளிது. சாலையில் அது உண்மையில் எவ்வளவு நஞ்சை உமிழ்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப வரியும் ஆயுளும் விதிப்பதே முறை. தில்லியில் ஓடக் கூடாது என்று விலக்கப்படும் டீசல் கார், தடையில்லாச் சான்றுடன் வேறு மாநிலத்துக்குப் போய் அங்கே புகை கக்குவதை நிறுத்தவும் இதுவே வழி.

நகருக்குள் மட்டும் ஓடுபவருக்குப் பெட்ரோல், நெடுந்தொலைவு செல்பவருக்கு டீசல் என்பதே இன்றைய பொதுவான விடை. சட்டமியற்றும் அவையின் வாயிலில் இறங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலில் தங்கள் கார்களுக்குப் போட்டுப் பார்க்கட்டும். அப்போதுதான் அவையில் அவர்கள் தெரிவிக்கும் கவலைக்கு மதிப்பிருக்கும்.