கறுப்பு வெள்ளையில் மெட்ராஸ்

பழைய மெட்ராஸ் படம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பார்ப்பவரிடமிருந்து முதலில் வருவது ஒரு பெருமூச்சு. "ஆஹா, அப்போ ஊரு எவ்வளவு அமைதியா இருந்திருக்கு!" குதிரை வண்டி, டிராம், ஆளில்லாத மவுண்ட் ரோடு... அவ்வளவுதான், அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் தப்பு. பழைய படம் ஏங்குவதற்கு மட்டுமல்ல, விசாரிப்பதற்கும்தான்.

முதலில் அந்த 'அமைதி'. 1850களின் கேமராவில் ஒரு படம் பதியப் பல நொடிகள், சில சமயம் நிமிடங்கள்கூட ஆகும். அசையாத கட்டடம் பதியும். நடந்து போகிறவர் பதியமாட்டார். ஆக, சாலை காலியாக இருந்ததா, இல்லை மக்கள் படத்திலிருந்து மறைந்து போனார்களா?

அடுத்தது கடல். துறைமுகத்துக்கு முந்தைய படங்களில் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். 1870களில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் நீண்ட சுவர், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது. மெரினாவில் சுண்டல் தின்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்றாவது கேள்வி, எடுத்தவர் யார்? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படமெடுத்தார். அவர் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. உட்கார்ந்தவர்களின் பெயர்களைக் குறித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை!

இதனால் பழைய படங்களே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. 1895-ல் ஓடத் தொடங்கிய டிராம் 1953-ல் நின்றது. இன்றைய பிள்ளைகள் இவற்றைப் பார்க்கப் படத்தை விட்டால் வேறு வழி ஏது?

ஆனால் நகரத்தின் சரித்திரம் வெள்ளைக்காரன் ஆல்பத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மெரினாவில் எடுத்த குடும்பப் படம், ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் என்று ஏதாவது அதில் கிடக்கும். அதில் நிற்பவர் யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று சொல்லக்கூடிய பாட்டி இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். ஹூப்பர் செய்யாமல் விட்டதைப் பேரப் பிள்ளைகளாவது செய்யலாமே!