எட்டு மணிக்கு மேல் ஒரு சரவெடி

தீபாவளி நெருங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குப் பட்டாசுக் கவலை, எனக்குக் கருப்பன் கவலை. கருப்பன் எங்கள் வீட்டு நாய். நாட்டு நாய்தான். வயது ஒன்பது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளியன்று சாயங்காலமே அவனை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்திருந்தோம். இரவு பத்தரைக்குத் தெரு அடங்கியது. பாவம், ஒன்றுக்குப் போகவேண்டுமே என்று வாசலுக்குக் கூட்டிவந்தேன். அந்த நேரம் பார்த்து முக்குவீட்டில் சரவெடியைக் கொளுத்தினார்கள். என் கையிலிருந்த சங்கிலியோடு பிய்த்துக்கொண்டு ஓடினான். மூன்றாம் நாள்தான் கண்மாய்க்கரையில் கிடைத்தான். பின்னங்காலில் அடி. இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான்.

பட்டாசே கூடாது என்று சொல்லமாட்டேன். நானும் ஓலைவெடி வெடித்து வளர்ந்தவன்தான். சிவகாசிப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. நான் கேட்பது நேரத்தை மட்டும்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது. அதை யார் மதிக்கிறோம்?

நேரம் தெரிந்தால் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் வந்து, சோறு வைத்து, கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதி, உள்ளே விட்டுவிடலாம். பலகாரத் தட்டையும் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். தூக்க மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. நம் காதுக்கு எட்டாத சத்தமும் கேட்கிற ஜீவன் அது. இன்றைக்குப் பண்டிகை என்று அதற்கு யார் சொல்வது?

"வருஷத்துக்கு ஒருநாள்தானே சார்" என்பார்கள். அந்த ஒருநாளில்தான் கருப்பனின் கால் போனது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல வருஷங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அவர்கள் பட்டாசையே விட்டுவிட்டார்கள். நாம் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும்.

வீட்டுக்குள் விட ஆளில்லாத தெருநாய்களும் இருக்கின்றன. ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ளும் நாள் அது. அன்றைக்கு ஒரு ராத்திரி கேட்டைத் திறந்து, மாடிப்படிக்கு அடியில் ஒரு கோணிச்சாக்கைப் போட்டுவைத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, முக்குவீட்டுக்காரரிடம் இந்த மூன்று வருஷமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான் மிச்சம். கருப்பனுக்கு என்ன ஆனது என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த வாரம் கொஞ்சம் அதிரசத்தோடு அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன். கருப்பனையும் கூட்டிக்கொண்டுதான். "தம்பி, எட்டு மணிக்குள்ள முடிச்சுக்கங்கப்பா" என்று கேட்டுப் பார்க்கிறேன்.