புல்மோட்டை மணலும் கிரெனோபிள் ஒளியும்: கதவு எங்கே அடைபடுகிறது?

தண்ணீரூற்றில் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளை, ரூட்டைலில் இருந்து தைத்தேனியமீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் முறையைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறது. அந்த ரூட்டைல் கிடக்கும் கரை அதற்குத் தூரமில்லை. நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் தாண்டினால் புல்மோட்டை.

அந்தக் கரையின் கதை எமது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1957 இல் அரசு கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். 1997 செப்டெம்பரில், இல்மனைட் ஏற்ற வந்த கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டது. இன்றைக்கும் அந்த இல்மனைட் பெரும்பாலும் மணலாகவேதான் கப்பலேறுகிறது. பெயின்டாகவும் பிளாஸ்டிக்காகவும் பற்பசையாகவும் அது திரும்பி வரும்போது விலை வேறு.

மணலுக்கும் அந்தப் பொருட்களுக்கும் இடையில் இருப்பது அறிவு. அந்த அறிவின் ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. யாழ். பல்கலைக்கழக பௌதிகவியல் துறைப் பேராசிரியர் பு. ரவிராஜன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு செய்தது, தைத்தேனியமீரொட்சைட்டும் பல்பகுதியமும் சேர்ந்த சூரியக் கலங்கள் பற்றித்தான். நோர்வேயில் பணியாற்றும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை ஊடாக யாழ்ப்பாணத்துக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே நனோ பொருட்கள் பற்றிய கூட்டாய்வும் வளர்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு கட்டத்துக்கு மேல் சாதாரண ஆய்வுகூடம் போதாது. மயிரிழையை விடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, வெயில் படும்போது என்ன மாறுகிறது என்று பார்க்க, மிகச் செறிவான ஒளி வேண்டும். பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 844 மீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் இலத்திரன்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது வெளிவரும் எக்ஸ் கதிர்தான் சின்குரோத்திரன் ஒளி. அதே வளாகத்தில் நியூத்திரன்களுக்கென்றே ஓர் அணு உலையும் இயங்குகிறது. எக்ஸ் கதிர் எளிதில் காணாத ஐதரசன், இலிதியம் போன்ற இலேசான அணுக்களை நியூத்திரன் காட்டிக்கொடுக்கும். தடித்த உலோகத்தையும் ஊடுருவும். பற்றரி ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போவது இதனால்தான்.

நியூத்திரன் எமக்கு அந்நியமானதல்ல. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1996 இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சிறிய உலையில், ரொக்கெட்டுகளில் பொருத்தும் வெடிக் கருவிகளின் உட்புறத்தை நியூத்திரனால் படம் பிடித்துச் சோதிக்கிறார்கள். 2009 இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரைபோசோம் ஆய்வை நியூத்திரன் சிதறலில்தான் தொடங்கினார். பின்னர் சின்குரோத்திரன் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதன் கட்டமைப்பைக் கண்டார். சிதம்பரத்தில் பிறந்தவர் என்று நாம் பெருமைப்படுகிறோம். அவர் வளர்ந்தது பரோடாவில்.

இந்த நிலையங்களுக்குள் போகப் பணம் கட்டவேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுவதாக இருந்தால் பொதுவாகக் கட்டணம் இல்லை. வழக்கமாக ஆண்டுக்கு இரு தடவை விண்ணப்பம் கோருவார்கள். துறைசார் குழு தரம் பார்த்துச் சில நாட்களுக்கான நேரத்தை ஒதுக்கும். இரவு பகலாக முறை போட்டு வேலை நடக்கும். ஆனால் உறுப்பு நாடுகளுக்கே முதலிடம். இலங்கை கிரெனோபிள் ஒளி நிலையத்தில் உறுப்பினர் அல்ல. விமானச் சீட்டும் விசாவும் ஆய்வாளரின் தலையில்.

யுத்தம் கண்ட நாடுகளால் இது முடியாது என்று சொல்லவும் இயலாது. ஜோர்தானில் 2017 இல் திறக்கப்பட்ட செசமி நிலையத்தில் ஈரான், இஸ்ரேல், பலஸ்தீனம், பாகிஸ்தான், சைப்பிரஸ், துருக்கி எல்லாம் உறுப்பினர்கள். ஜேர்மனி கைவிட்ட பழைய இயந்திரத்தின் பாகங்களிலிருந்துதான் அது தொடங்கியது. இதை அழகான சமாதானக் கதையாக நான் விற்கப் போவதில்லை. அந்தத் திட்டத்தோடு தொடர்புடைய இரண்டு ஈரானிய பௌதிகவியலாளர்கள் 2010 இல் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் நிலையம் நிற்கவில்லை.

அப்படியானால் முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கதவு எங்கே அடைபடுகிறது? கிரெனோபிளில் அல்ல என்பதே என் கணிப்பு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிறகுதான் வெட்டை. நல்ல விண்ணப்பம் எழுத முதற்கட்ட அளவீடுகள் கையில் இருக்கவேண்டும்; அதற்கு உள்ளூரில் ஒழுங்காக இயங்கும் கருவியும் அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளரும் வேண்டும். ஏற்கனவே போய்வந்த ஒருவர் பக்கத்தில் இருந்து வழிகாட்டவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடக் கட்டடங்கள் எழுந்தபோது படம் எடுக்க வந்த அரசியல்வாதிகள், ஒரு கருவி பழுதானால் யார் திருத்துவது என்று கேட்டதாக நான் அறியவில்லை. புலம்பெயர்ந்தவர்களின் உதவியும் பெரும்பாலும் கட்டடமாகவே வருகிறது. இரண்டு ஆய்வு மாணவர்களின் பயணச் செலவு ஒரு மண்டபத்தின் கூரைச் செலவுக்குக் கிட்ட வராது.

பயணம் இல்லாமலும் ஒரு வழி உண்டு. சில நிலையங்கள் தபாலில் வரும் மாதிரிகளை ஏற்று, அளந்து, தரவை இணையத்தில் அனுப்புகின்றன. சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஆர்கோன் ஆய்வுகூடம் தூள் மாதிரிகளுக்கு இந்தச் சேவையைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. மெல்லிய குழாயொன்றில் ஒரு கிராமுக்கும் குறைவான தூள் போதும். புல்மோட்டையிலிருந்து தொன் கணக்கில் போகும் மணலில் அந்த ஒரு கிராம், யாழ். பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் பெயரோடு இதுவரை எத்தனை தடவை போயிருக்கிறது என்று பீடங்களிடம் கேட்கலாம்.